சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்துப் பதறாதீர்கள்

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் எனக்கு இந்த ஆண்டில் இப்படி வந்த நான்காவது அழைப்பு இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பீனிக்ஸ் பகுதியில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்றின் முதலாளி நவம்பர் கடைசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, கடன் வாங்கி ஆறு தையல் இயந்திரம் போட்டேன். ஒன்றுகூடச் சும்மா நிற்கவில்லை. ஆனால் சரக்கு மட்டும் வெளியே போக மாட்டேன் என்கிறது." இங்கே ஜனவரியில் பள்ளி திறந்துவிடும். அதற்கு முன் டிசம்பர் விடுமுறைக்குப் பட்டறைகள் மூடிவிடும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் நான் ஆறுதல்தான் சொல்ல முடியும்.

உள்ளே நுழைந்ததும் விஷயம் தெரிந்தது. காஜா எடுக்கும், அதாவது பொத்தான் துளை போடும், இயந்திரம் ஒன்றே ஒன்று. நாளுக்கு 150 சட்டைதான் அதனால் முடியும். புதிய ஆறு வருவதற்கு முன்பு அதன் எதிரே 900 சட்டைகள் குவிந்திருந்தன. புதிதாக வந்து சேரும் சட்டைக்கு 6 நாள் கழித்துத்தான் முறை வரும். இப்போது குவியல் 1,800. காத்திருப்பு 12 நாள். வெளியே போவது அதே 150. குவியலை வெளியே போகும் வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு: ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய இந்த விதியை என் மாணவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். முதலாளிகள்தாம் கேட்பதில்லை.

"இயந்திரம் நின்றால் நஷ்டம் இல்லையா?" என்றார் பீனிக்ஸ் முதலாளி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இல்லை அண்ணா! துணிக்குப் பணம் கொடுத்தாயிற்று, கூலியும் கொடுத்தாயிற்று, விற்ற காசு வரவில்லை. அந்தக் குவியல்தான் நஷ்டம். தையல் இயந்திரம் மதியம் இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு சட்டைகூடக் குறையாது. காஜா இயந்திரம் பத்து நிமிடம் நின்றால் அந்தப் பத்து நிமிடம் பட்டறை முழுவதற்கும் போனது. அதை ஓட்டும் அம்மா சாப்பிடப் போனபோது அது முக்கால் மணி நேரம் நின்றதைப் பார்த்தேன். யாருக்கும் பதற்றமே இல்லை.

சேவைத் தொழிலிலும் இதே நோய்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருத்துவமனையில், மருத்துவர் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்று முன்பதிவை நெருக்கியிருந்தார்கள். ஒருவருக்குச் சராசரி 10 நிமிடம், நோயாளிகள் வருவதும் பார்க்க ஆகும் நேரமும் முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்குப்படி, மருத்துவரின் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பினால் காத்திருப்பு சராசரியாக 40 நிமிடம். 90 என்றால் 90 நிமிடம். 95 என்றால் 190 நிமிடம்! கோபன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை வைத்து டென்மார்க் கணித அறிஞர் ஏர்லாங் 1909இல் தொடங்கிவைத்த துறை இது. நேற்று முளைத்த சரக்கு அல்ல.

"பல்கலைக்கழக ஆராய்ச்சியெல்லாம் டர்பன் புரொஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா கார் ஆலைக்குத்தான், நமக்கெதற்கு" என்பார்கள். பெரிய ஆலைகளுக்குச் சொந்தமாகவே ஆள் உண்டு ஐயா. கடனில் இயந்திரம் வாங்கும் உங்களுக்குத்தான் அது வேண்டும்.

எனவே, வாங்குவதற்கு முன் பட்டறையை ஒருமுறை நடந்து பாருங்கள். எதன் முன்னால் சரக்கு குவிகிறதோ அதுதான் உங்கள் பட்டறையின் குப்பிக் கழுத்து, மொத்த வேகத்தையும் முடிவு செய்யும் குறுகலான இடம். சாப்பாட்டு நேரத்தில் அங்கே மாற்றாள் போடுங்கள். பழுதான சட்டையை அதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். காஜா எடுத்த பிறகு கழிப்பது அநியாயம். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரின் முதல் இணைப்பு அதற்குத்தான், உங்கள் அலுவலக ஏசிக்கு அல்ல. அது முடிக்கும் வேகத்துக்கு மேல் துணி வெட்டாதீர்கள். தயவுசெய்து, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எங்களுக்கு ஒரு தொலைபேசி போடுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக்கு இடம் தேடி அலைகிறார்கள். ஒரு நிறுத்தற் கடிகாரத்தோடு வந்து நிற்பார்கள், தேநீர் கொடுத்தால் போதும்.

பீனிக்ஸ் அண்ணா பழைய காஜா இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். முதல் தவணைச் சீருடை எப்படியோ கடைக்குப் போய்விட்டது. புதிய ஆறில் நான்கின்மேல் இப்போது துணி போர்த்தியிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமலே என்னோடு பேசுகிறார்.