எறும்பு ஏறும் செடியில் எதைத் தேடுவது?

தொட்டியில் நிற்கும் செம்பருத்தியிலோ குரோட்டன்ஸிலோ எறும்புகள் சாரையாக ஏறி இறங்கினால், சாறு உறிஞ்சும் பூச்சி ஒன்று அதில் குடியேறிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இலை சுருள்வதும் மஞ்சளாவதும் பிறகுதான் கண்ணில் படும். எறும்பு இலையைத் தின்ன வருவதில்லை. பூச்சி வெளியேற்றும் இனிப்பான கழிவுக்காக வருகிறது.

அந்தக் கழிவு இனிப்பதற்குக் காரணம் பூச்சியின் உணவு. இலையில் உருவாகும் சர்க்கரையைச் செடியின் மற்ற பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் ஃபுளோயம் என்னும் திசுவில், சாறு மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் அடைத்த காற்றைவிட அதிக அழுத்தத்தில் ஓடுகிறது. மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ முதலியவை மயிரினும் மெல்லிய ஊசி போன்ற வாயுறுப்பை அந்தக் குழாய் வரை செலுத்துகின்றன; அதன்பின் சாற்றின் அழுத்தமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதத்துக்குத் தேவையான அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. ஆகவே பூச்சி தன் தேவைக்கு மேல் பன்மடங்கு குடித்து, எஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான துளிகளாக வெளியே தள்ளுகிறது. பற்றாக்குறையான அமினோ அமிலங்களுள் சிலவற்றை அதன் உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன.

இதனால் இலையைத் தொட்டுப் பார்ப்பதே முதல் சோதனையாகிறது. பிசுபிசுப்பு இருந்தால் ஃபுளோயம் சாற்றைக் குடிக்கும் பூச்சியைத் தேட வேண்டும். பிசுபிசுப்பு இல்லாமல், இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் மட்டும் இருந்தால், செல்களைத் துளைத்து உறிஞ்சும் இலைப்பேனையோ சிவப்புச் சிலந்திப்பேனையோ ஐயுற வேண்டும். சிலந்திப்பேன் எட்டுக்கால் உயிரி. பூச்சி இனத்தில் சேராது. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினால், நகரும் செம்புள்ளிகளாக அது தாளில் விழும்.

இனிப்புக் கழிவின் மீது கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியது போலாகும்போது, குமரி மாவட்டத்தில் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்ப்பது நல்லது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டுப் பின்னர் தென்னை வளரும் பகுதிகளெங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ, தென்னோலையின் அடிப்பக்கத்தில் இருந்தபடி கழிவைக் கீழே சிந்துகிறது. முற்றத்துத் தென்னையின் கீழ் வைத்த ஆந்தூரியம் கறுத்துப்போனால், குற்றவாளி அதன் மேல் இல்லாமலும் இருக்கலாம். அந்தத் தொட்டிக்கு எந்த மருந்தும் வேண்டாம். இலையைத் துடைத்து, இடத்தை மாற்றினால் போதும்.

வீட்டுச் செடிகளில் மிகுந்த தொல்லை தருவது மாவுப்பூச்சிதான். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருப்பது போல் அது தெரியும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள மென்மையான உடலும், அதன் மேல் தூவிய வெண்மெழுகும், விளிம்பைச் சுற்றி மெழுகு இழைகளும் புலப்படும். பெண் பூச்சிக்குச் சிறகு இல்லை. பல வகைகளில் அது பஞ்சு போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் மேலே மெழுகு சேர்வதற்கு முன் சில நாள் ஊர்ந்து திரிகின்றன; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று போன்ற பலத்த காற்றில் அவை அடுத்த தொட்டிக்குப் பறந்து செல்லவும் கூடும். கட்டுப்படுத்துவதற்கு ஏற்றது குஞ்சுகள் ஊர்ந்து திரியும் இந்த வளர்நிலையே. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் திறந்த முற்றத்துச் செடிகளைக் கழுவிவிடுகின்றன. அந்தக் கழுவல் கிடைக்காத சிட்அவுட் செடிகளிலும், மழை ஓய்ந்த பிப்ரவரிக்குப் பிந்தைய மாதங்களிலும்தான் மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகுகின்றன.

சோப்புக் கரைசல் பூச்சியின் மேலுள்ள மெழுகைக் குலைத்து, மென்மையான தோலின் செல்சவ்வைச் சிதைத்து, உடலை உலரச் செய்கிறது. ஈரமாக இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். படாத பூச்சி சாவதில்லை. எனவே இலையின் அடிப்புறமும் இடுக்குகளும் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பைக் கரைத்தால் நுரை எழாமல் வெள்ளைத் திரளாகப் பிரிவதைப் பலரும் கண்டிருப்பார்கள். நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிட்டது என்பதே அதன் பொருள். அத்தகைய கரைசலால் பயனில்லை. சேமித்த மழைநீரே இதற்கு உகந்தது. சில பூச்சிகள் மட்டுமே இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கலாம்.

வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின், இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது, உடனே கொல்வதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி எண்ணெயும், அது நீரோடு கலக்கச் சிறிது சோப்பும் போதும்; முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போகலாம். வெயிலில் இது விரைவில் சிதைந்துவிடும். முட்டைப்பைக்குள் இருப்பவை எந்தத் தெளிப்புக்கும் எளிதில் அகப்படாமல் பின்னர் பொரிந்து வருவதால், வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று நான்கு முறையாவது தெளிக்க வேண்டும். கடையில் வாங்கும் கடும் மருந்துகளைச் சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலைக்கு அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கருத்து. பூச்சிகளுக்கான மருந்துகளில் பல, சிலந்திப்பேனை விட்டுவிட்டு அதை உண்ணும் உயிரிகளைக் கொன்று, சிலந்திப்பேன் இன்னும் பெருகவே வழிசெய்கின்றன.

இவற்றோடு எறும்பின் பாதையையும் அடைக்க வேண்டும். இனிப்புக்காகக் காவல் நிற்கும் எறும்பு, மாவுப்பூச்சியை உண்ண வரும் பொறிவண்டைத் துரத்திவிடும். தொட்டியைத் தண்ணீர் நிரம்பிய தட்டின் நடுவே கல் வைத்து நிறுத்துவதும், சுவரைத் தொடும் கிளையை வெட்டுவதும் போதுமானவை. அப்படி வரும் வண்டுகளுள் ஒன்று, 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலேமஸ். காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக வந்த அது, அதை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைத் தின்று தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. அதன் புழுவும் வெண்மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி போலவே தோன்றுவதால், அறியாமல் நசுக்கப்படுவது உண்டு. முழுதாக வளர்ந்த புழு மாவுப்பூச்சியைப் போல் மூன்று மடங்கு நீளமிருக்கும். குச்சியால் தொட்டால் விரைந்து நகரும். அத்தகையது ஒன்று கண்ணில் பட்டால், அந்தச் செடிக்கு அந்த வாரத் தெளிப்பை நிறுத்திவிடலாம்.