காலை உதைத்தால் பொம்மை ஆடும்

எழுத உட்கார்ந்தால் கைக்குழந்தை விடுமா? 1960களில் அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியருக்கும் இதே பாடுதான். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையை ஆட்டினால்தான் மகன் அழாமல் இருப்பான். எவ்வளவு நேரம் ஆட்டிக்கொண்டே நிற்பது? நாடாவின் ஒரு முனையைப் பொம்மையிலும் மறுமுனையை அவன் கணுக்காலிலும் கட்டிவிட்டார். அவன் உதைக்க, பொம்மை ஆடியது. கொஞ்ச நேரத்தில் வேண்டுமென்றே உதைக்க ஆரம்பித்துவிட்டான்.

அவ்வளவு சின்னக் குழந்தைக்கு இதெல்லாம் பிடிபடாது என்றுதான் அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். அவர் இதை முறையான சோதனையாக்கி 1969இல் வெளியிட்டார். அப்புறம் வந்த சோதனைகளில், சில நாள் கழித்து அதே பொம்மையை நாடா கட்டாமல் காட்டினார்கள். மறக்காத குழந்தை பார்த்ததுமே உதைக்கும். இரண்டு மாதக் குழந்தைக்கு ஓரிரு நாள், மூன்று மாதக் குழந்தைக்குச் சுமார் ஒரு வாரம், ஆறு மாதக் குழந்தைக்குச் சுமார் இரண்டு வாரம் நினைவு நின்றது. பொம்மையை மாற்றித் தொங்கவிட்டால், மூன்று மாதக் குழந்தை மறுநாள்கூட அப்படி உதைக்காது. அது வேறு பொம்மை என்று அதற்குத் தெரியும்!

வீட்டில் நாடா கட்டிப் பார்க்க வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கிலுகிலுப்பையே போதும். கை அசைந்த கணமே சத்தம் வருகிறது. சில நொடி தாமதித்தாலும் தன்னால்தான் வந்தது என்பது குழந்தைக்குப் பிடிபடாது. தானாகவே பாடிக்கொண்டிருக்கும் பேட்டரி பொம்மைகள் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். குழந்தைக்கு அங்கே என்ன வேலை?

முகத்தை முந்தானையால் மூடி 'காணோம்... இதோ!' என்று காட்டும் விளையாட்டிலும் இந்த எதிர்பார்ப்புதான் ருசி. பாரட், கிளைட்மன் என்ற இருவர் 1989இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மறைந்தவருக்குப் பதில் வேறொருவர் எட்டிப்பார்த்தாலோ, அவரே வேறு இடத்தில் தோன்றினாலோ, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் குறைவாகவே சிரித்தன. வரப்போவது யார், எங்கிருந்து என்று அவை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தன.

எதிர்பார்த்த பதில் வராவிட்டால் என்ன ஆகும்? 1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மார்களைச் சிறிது நேரம் முகத்தில் சலனமே இல்லாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆகவே குழந்தை 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அதன் முறை வரட்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே பார்வையை விலக்கினால், அதற்கு ஓய்வு தேவை. மறுபடி உங்களைப் பார்க்கும்வரை விட்டுவிடலாம்.