கல்லறையைத் தேய்ப்பதற்கு முன்

இலங்கை மலையகத்தின் பழைய கிறிஸ்தவ ஆலய வளவுகளில் கல் பேணும் பணியில் இருக்கும் நான் அதிகமாகக் காண்பது மழையோ பாசியோ செய்த சேதத்தை அல்ல. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட துப்புரவின் சேதத்தையே. நவம்பர் 2ஆம் திகதி இறந்தோரை நினைவுகூரும் நாள் நெருங்கியதும், மலசலகூடம் கழுவும் அசிட்டையும் கம்பித் தூரிகையையும் கொண்டு குடும்பக் கல்லறைகளைத் தேய்த்து வெளுப்பாக்கிவிடுகிறார்கள்.

அக்காலத்து வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் குடும்பங்களின் கல்லறைகளில் பதித்துள்ள பலகைகள் பல பளிங்காலானவை. அவற்றில் எழுத்தை வெட்டி, பள்ளத்துக்குள் சிறு துளைகளிட்டு, அவற்றினுள் ஈயத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் இனம் என்பதால் அசிட் பட்டதும் நுரைத்துக் கரைகிறது. ஈயமோ கரையாமல் துருத்தி நிற்கிறது, நாளடைவில் கழன்று விழுகிறது. மாவுபோல் உதிரும் அந்த மேற்பரப்பில் அடுத்த மழைக்கே பாசி முன்னிலும் ஆழமாக வேரூன்றுகிறது. சுத்தமான தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்; அதையும் கல் உதிராத இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். வெடிப்பில் சீமெந்து பூசுவதும் இதே தவறுதான்: சீமெந்து ஈரத்தை வெளியே விடாததால், உள்ளே தங்கிய நீர் பழைய செங்கல்லின் வழியே வெளியேறி அதன் முகத்தையே உரித்துவிடுகிறது. பழைய சுண்ணாம்புக் காரைக்குச் சுண்ணாம்புக் காரையே பொருந்தும். சுவரில் முளைத்த ஆலங்கன்றை இழுத்துப் பிடுங்காமல் அடிப்பகுதியில் அறுத்துவிடுங்கள். இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும்.

சட்டம் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகப் பாதுகாக்கிறது. தோட்டக் குடும்பங்களின் கல்லறைகள் யாவும் அதற்குப் பிற்பட்டவை. வர்த்தமானியில் தனியே அறிவிக்கப்பட்டாலொழிய அவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. போகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் உறங்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனையும் (1879) அவருடைய கணவரையும் (1880) உலகம் அறியும். பெயர் அறியப்படாத மற்றக் குடும்பங்களுக்கு அந்தந்த ஆலயச் சபையாரை விட்டால் வேறு ஆளில்லை.

நம்மவர்களில் எத்தனையோ பேர் ஒரு கல்கூட இல்லாமல் தேயிலைக்கு அடியில் கிடக்கையில் துரைமார் கல்லறை நமக்கெதற்கு என்று ஓர் ஐயா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியின் வலி எனக்கும் உண்டு. ஆயினும், அதே வளவுகளின் ஓரத்தில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று தமிழில் வெட்டிய சிறு கற்களும் இருக்கின்றன. அசிட் வாளி அவற்றையும் விடுவதில்லை.

எதையும் தொடுவதற்கு முன் படமெடுங்கள். மாலையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால், பகலில் தெரியாத எழுத்தும் நிழலாய் எழும்பும். ஒரு தாயும் மூன்று குழந்தைகளும் அடங்கிய கல்லறை ஒன்றில் ஈயம் முழுவதும் போய்விட்டிருந்தது. எஞ்சிய துளைகளைத் தாளில் புள்ளிகளாகக் குறித்து, பென்சிலால் இணைத்து இரண்டு குழந்தைகளின் பெயர்களை மீட்டோம். மூன்றாவது பெயரில் இரண்டு எழுத்துகள் இன்னும் கிடைக்கவில்லை.