ஓமத்தின் மணமும் விதைக்கடலையின் ஈரமும்

விதைக்கடலை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளே கதகதப்பும் மக்கல் வாடையும் இருந்தால் நாலு காயை உடைக்க வேண்டியதுதான். பருப்பின் மேல் கரித்தூள் போலப் படிந்திருப்பது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூசணம். மஞ்சள் கலந்த பச்சை என்றால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் மேல் சந்தேகம் கொள்ளலாம். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தீவனம் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தன. அதைத் துருவியபோதுதான் ஃபிளேவஸின் நஞ்சான அஃப்ளடாக்சின் பிடிபட்டது. இந்தப் பூசணங்களை ஓமம், பூண்டு போன்ற தாவரங்களின் சாறும் எண்ணெயும் எப்படித் தடுக்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

இவற்றின் வித்துகள், அதாவது பூசணம் பரவ உதவும் நுண்துகள்கள், பெரும்பாலும் வயலிலேயே காயோடு ஒட்டிக்கொள்கின்றன. மூட்டைக்குள் காற்றின் ஈரப்பதம் சுமார் 65 சதவீதத்தைத் தாண்டும்வரை சும்மா கிடக்கும். நெல் விதை 13 சதவீத ஈரத்தில் தாக்குப்பிடிக்கும். கடலைக்கு அது ஆகாது. எண்ணெய் நீரை வாங்கிக்கொள்ளாததால், மிச்சப் பகுதியிலேயே அத்தனை ஈரமும் தேங்கும். ஆகவே காயை 8, 9 சதவீதம் வரை காயவிட வேண்டும்.

சரி, விதையில் பூசும் தாவரச் சாறும் வாசனை எண்ணெயும் பூசணத்தை என்ன செய்கின்றன? ஓமத்துக்கு அந்த நெடியைத் தரும் தைமால், பூசணத்தின் செல் சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்குகிறது; உள்ளிருக்கும் உப்புகள் கசிந்துவிடும். பூண்டின் வேலை வேறு. அதில் பூசணத்தைத் தாக்குவது அல்லிசின் என்ற பொருள்; முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கும்போதுதான் தனித்தனி அறைகளில் இருந்த அல்லின் என்ற மூலப்பொருளும் அல்லினேஸ் நொதியும் கலந்து அது பிறக்கிறது. பூசணத்தின் நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. பூண்டை முழுசாகக் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பவர்கள், அந்த நொதியை முதலிலேயே கொன்றுவிடுகிறார்கள்!

குதிரில் வேப்பிலையும் வசம்பும் போடுவது முக்கியமாகப் பூச்சிக்காக. ஆனால் பூச்சி மூச்சுவிட்டாலே சூடும் ஈரமும் கூடும், அது போட்ட துளை பூசணத்துக்கு வாசல். அந்த வகையில் இரண்டுக்கும் தடைதான்.

ஆய்வகத் தட்டில் நன்றாக வேலை செய்த சாறு மூட்டையில் ஏமாற்றுவது ஏன்? தட்டுக்கு மூடி உண்டு. சாக்கு வழியே மணம் பறந்துவிடும், மணத்தோடு காப்பும் போகும். அதைவிடப் பெரிய சிக்கல், சாறு என்பதில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த விதையை அதில் நனைத்து அரைகுறையாக உலர்த்திக் கட்டினால், சும்மா கிடந்த வித்துகளை நாமே எழுப்பிவிடுகிறோம். என்னைக் கேட்டால், நிழலில் உலர்த்திய பொடியே மேல். சாறுதான் என்றால், பூசியபின் பழைய ஈர அளவுக்குத் திரும்பும்வரை உலர்த்தியே ஆகவேண்டும்.

அளவும் முக்கியம், தைமால் முளைக்கருவையும் சுடும். அதனால் மருந்திட்ட 100 விதை, இடாத 100 விதை எடுத்து, தனித்தனி ஈரத்துணியில் சுருட்டி ஒரு வாரம் வையுங்கள். முளைக்காததைப் பிளந்தால் விஷயம் தெரியும். கறுத்து நொளுநொளுத்திருந்தால் அழுகல். மருந்திட்டதில் மட்டும் பல விதைகள் வெள்ளையாக, கெட்டியாக, முளைக்காமல் கிடந்தால் அடுத்த முறை பாதி மருந்து போதும்.