பிரசவத்துக்குப் பிறகு மனநல சிகிச்சை: உரிமை இருக்கிறது, கேட்டு வாங்குவது எப்படி?

'தாயும் சேயும் நலம்' என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். அந்த நலம் தையலையும் ரத்த அழுத்தத்தையும் பற்றியது மட்டும்தான். வலியில் கத்தியதற்காகப் பிரசவ அறையில் திட்டு வாங்கிய பெண், என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாமல் அவசரமாகத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகப்பட்ட பெண், 'கண்ணை மூடினால் அதே காட்சி வருகிறது' என்று சொன்னால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "குழந்தை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" வீட்டிலும் இதே பதில், வார்டிலும் இதே பதில்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம், அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும். சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். மீதி எல்லாம் கவுன்டரில்தான் இருக்கிறது.

முதலில் ஓர் அவசர விஷயம். பிரசவமான முதல் சில வாரங்களில் தாய் இரவு பகலாகத் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால், இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயந்தால், கீழே எழுதியிருக்கும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள். 108-ஐ அழைத்து, மனநலப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைக்குப் போங்கள். மந்திரிப்பதெல்லாம் அப்புறம்.

மற்றவர்களுக்கு எளிய வாசல் டெலிமனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை, எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். கணவரும் தனக்காகவே அழைக்கலாம், அப்பாக்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வரும். ஆனால் போனில் பேசுவது தொடர் சிகிச்சை ஆகாது. பேசி முடிப்பதற்குள், நேரில் எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

நேரில் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு சில அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் குறிப்பிட்ட நாளில் வந்துபோகும். அந்த நாள் தெரியாமல் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போய்த் திரும்பியவர்கள் நிறைய. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அலைக்கழிப்பு தொடங்கும் இடம் இதுதான். மனநலப் பிரிவில், "பிரசவம் பார்த்த டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாம்மா" என்பார்கள். அந்த டாக்டர் தியேட்டரில் இருப்பார். அவர் வெளியே வரும்போது இங்கே ஓ.பி. முடிந்திருக்கும். பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் சிகிச்சை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஓ.பி. சீட்டை நேராக மனநலப் பிரிவுக்கே போடச் சொல்லுங்கள். சண்டை போடத் தெம்பில்லை என்றால், டிஸ்சார்ஜ் அன்றே சுருக்க அறிக்கையில் 'மனநல ஆலோசனை தேவை' என்று எழுதி வாங்குவது நல்லது. அதுவும் தவறிவிட்டதா? குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு எப்படியும் போவீர்கள், அன்றைக்கு அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னொன்று சொல்வார்கள்: "உங்க ஊர்லயே பாத்துக்கோங்க." எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே ஓ.பி. சீட்டு போடலாம். முகவரியைக் காட்டித் திருப்பி அனுப்புவது சோம்பேறித்தனம்.

டாக்டரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். 'சோர்வாக இருக்கிறது' என்றால் சத்து மாத்திரையோடு முடிந்துவிடும். பிரசவமான சில நாட்களில் வரும் அழுகையும் படபடப்பும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டி நீடிக்கிறது என்றால் நாள் கணக்கோடு சொல்லுங்கள். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, மருத்துவமனை வாசனை பட்டாலே கை நடுங்குகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது முக்கியமாக மனச்சோர்வைப் பிடிக்கத்தான். பிரசவத்தில் நடந்ததால் மனதில் தங்கிய அதிர்ச்சி அதில் தப்பிவிடலாம் என்பதால் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளைத் தனியாகச் சொல்லுங்கள்.

அரசு ஓ.பி.யில் மாத்திரை சுலபமாகக் கிடைக்கும், உட்கார்ந்து பேசும் சிகிச்சைதான் அரிது. உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். தனியாரிடம் போவதானால், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கவுன்சலர்' போர்டு யார் வேண்டுமானாலும் மாட்டலாம். பால் கொடுப்பதால் மருந்தே கூடாது என்று அக்கம்பக்கம் சொல்வதைக் கேட்டு நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, மனநல மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

உள்நோயாளியாகச் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே பலர் போவதில்லை. சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆபத்து என்று மருத்துவர் கருதிப் பிரித்தாலும் 15 நாளைக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கும் வார்டு இருக்கிறது.

இன்னொரு பயம், 'நாளைக்கு டைவர்ஸ் என்று வந்தால் இந்தச் சீட்டையே காட்டிப் பைத்தியம் என்பார்கள்' என்பது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார், அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ரகசியம் காப்பது 23-ஆம் பிரிவு. சீட்டுகளை மட்டும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்கள் கோட்டை விடுவது விடுப்பில். கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம், கருச்சிதைவு ஆகியவற்றால் வரும் நோய்க்கு, பேறுகால விடுப்பு போக ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. 1961 பேறுகால உதவிச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இதை அங்கேதான் கோர வேண்டும். ஆபீசில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். "சிக் லீவ் போட்டுக்கோங்க" என்று முடிக்கப் பார்ப்பார்கள். சான்றிதழில் 'உடல் பலவீனம், ஓய்வு தேவை' என்று இருந்தால் அவர்களுக்கு வசதி. 'பிரசவத்தால் ஏற்பட்ட நோய்' என்று மருத்துவர் எழுத வேண்டும். விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு நிற்காது.

காப்பீட்டில், உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவுக்குத்தான் தரும், வாராவாரம் போகும் ஆலோசனைக் கட்டணம் அதில் வராது. நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, 30 நாளில் சரியாகவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணம் கிடையாது.

தியேட்டரில் என்ன நடந்தது என்று தெரியாததே பலரை வாட்டுகிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி. "எதுக்கு, கேஸ் போடவா?" என்று கேட்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் நீங்கள் கேட்கவே இல்லை என்பார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் பத்திரப்படுத்தும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை, தள்ளிப்போட வேண்டாம்.

எங்கேயும் நடக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும், வருமானச் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள்.