நெல்லுக்கு ‘சட்டைவா’, முள்ளங்கிக்கு ‘சட்டைவஸ்’ ஏன்?

நெல்லின் தாவரவியல் பெயர் ஒரைசா சட்டைவா. முள்ளங்கி, ரஃபானஸ் சட்டைவஸ். பூண்டு, அல்லியம் சட்டைவம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள் மூன்றையும் வெவ்வேறு சொல்லாக நினைத்திருக்கலாம். மூன்றும் ஒரே லத்தீன் பெயரடைதான். விகுதி மட்டுமே மாறுகிறது.

‘விதைத்தல்’ என்பதற்கு லத்தீனில் ‘செரெரே’. அதிலிருந்து வந்த ‘சத்துஸ்’ என்றால் விதைக்கப்பட்ட. அதன் அடியோடு ‘ஈவுஸ்’ சேர்ந்தால் ‘சத்தீவுஸ்’: விதைத்து வளர்க்கப்படுகிற. (ஆங்கிலேயர் நாக்கில் புரண்டு நம் பாடநூலுக்கு வந்தபோது அது ‘சட்டைவஸ்’ ஆகிவிட்டது.) காட்டில் தானாக முளைப்பதையும் தோட்டத்தில் பயிரிடுவதையும் வேறுபடுத்த முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி இச்சொல்லை எழுதினார். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைப் பல பயிர்களுக்குச் சூட்டினார். குற்றாலத்தில் நாம் எதிர்பார்க்கும் ‘சீசன்’கூட இதே வேர்தான், விதைப்பைக் குறித்த லத்தீன் சொல் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போய்ப் பருவத்தைக் குறிக்கத் தொடங்கியது.

இனி இலக்கணம். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம். ‘நல்ல’ மாறுவதே இல்லை. லத்தீனில் பெயரடை, தான் சார்ந்த பெயரின் பாலை ஏற்றே ஆகவேண்டும். ரஃபானஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், அல்லியம் அலிப்பால் (இரண்டிலும் சேராதது). முள்ளங்கியில் ஆண்மை எதுவும் இல்லை. நம் உயர்திணை, அஃறிணை போலப் பொருளைப் பார்த்து வகுத்த பால் அல்ல இது, சொல்லுக்கு உரிய பால்.

சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தே பாலைச் சொல்லிவிடலாமா என்றால், புளியமரம் காலை வாரும். டமரிண்டஸ் என்பது ஆண்பால்போல ‘அஸ்’ என முடிந்தாலும் அதன் பெயர் டமரிண்டஸ் இண்டிகா. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். தாவரவியலும் அந்த மரபைக் காப்பாற்றுகிறது. அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனதும் அப்படித்தான். எள்ளோ செசாமம் இண்டிகம், அலிப்பால். யாராவது விகுதியைத் தவறாகப் போட்டு வெளியிட்டால், சர்வதேசப் பெயரிடல் விதிப்படி அது திருத்தப்படும்.

விகுதியில் இவ்வளவு கறார் காட்டும் விதி, பொருளில் தாராளம். குங்குமப்பூ குரோகஸ் சட்டைவஸ்; அதற்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருப்பதால் விதையே பிடிக்காது, கிழங்கை நட்டுத்தான் வளர்க்கிறார்கள். பூண்டுக்கும் பல்லைத்தான் ஊன்றுகிறோம். இருந்தும் ‘விதைக்கப்படுவது’ என்ற பெயர் இரண்டுக்கும் செல்லும். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ள அந்த விதிகள் இடம் தருவதில்லை.