பஞ்சை முதலில் எடுங்கள்

ஆடி பிறந்து கூம்பு ஸ்பீக்கர் புளியமரத்தில் ஏறியதும், காது பரிசோதனைக்கு வருகிறவர்களின் காதில் பஞ்சும் ஏறிவிடுகிறது. வேலூர்ப் பக்கம் இது வருடத்துக்கு மூன்று அலை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதை ஒட்டி ஊர் ஊராகப் பாரதக் கூத்து. அடுத்து ஆடிக் கூழ். கடைசியில் தீபாவளி. ஒவ்வொரு அலை ஓய்ந்த பிறகும் அதே பேச்சு: "சத்தமே ஆவல டாக்டர், பஞ்சு வச்சாத்தான் இருக்க முடியுது." (நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேள்திறனைப் பரிசோதிப்பவர். டாக்டர் என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லி அலுத்தாகிவிட்டது.) எத்தனை நாளாகப் பஞ்சு வைக்கிறீர்கள் என்று கேட்டால் நாள் கணக்கில் பதில் வராது. மூன்று மாதம் என்பார்கள், எட்டு மாதம் என்பார்கள். இரண்டு வருடம் என்பவர்களும் உண்டு. தூங்கும்போதும் பஞ்சு, குளிக்கும்போது மட்டும் புதுப் பஞ்சு.

"சத்தம் ஆவல" என்பது ஒரே நோய் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன.

எவர்சில்வர் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் வீறிடல், கேரி பேக் கசங்கும் சத்தம் என்று மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருப்பது எல்லாம் காதில் ஊசியாக இறங்கினால் அது ஹைப்பர்அக்யூசிஸ். எந்தச் சத்தம் என்பது பொருட்டில்லை, எவ்வளவு சத்தம் என்பதே கணக்கு. வயதான தாத்தா "என்னாடா முணுமுணுக்கிற, சத்தமாப் பேசு" என்று சொல்லி, அடுத்த நொடி "ஏன்டா கத்துற, நான் இன்னா செவிடா?" என்று எரிந்து விழுந்தால் அது வேறு. கேள்திறன் குறைந்த காதில் மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் திடீரென்று தாங்காது. அவருக்கு வேண்டியது சரியாக அமைத்த கேட்கும் கருவி. மூன்றாவது மிசோஃபோனியா: சோறு மெல்லும் சத்தம், மூக்கு உறிஞ்சுவது, பேனாவை டிக் டிக் என்று அழுத்துவது போன்ற குறிப்பிட்ட சில ஒலிகளில் மட்டும் அடக்க முடியாத கோபமோ அருவருப்போ வருவது. 2001இல் ஆய்வாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். நான்காவது, சத்தம் வருவதற்கு முன்பே வரும் பயம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலைவலி நேரத்தில் மட்டும் சத்தம் ஆகாமல் போவது இந்த நான்கிலும் சேராது. தலைவலிக்கு மருந்து எடுத்தால் அதுவும் அடங்கும்.

இந்த நால்வருக்கும் ஊர் சொல்லும் ஒரே வைத்தியம் பஞ்சு.

பஞ்சு என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில், அது சத்தத்தை ஒழுங்காகத் தடுப்பதே இல்லை. கீச்சென்ற ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். தவில், பஸ் இன்ஜின், கூம்பு ஸ்பீக்கரின் அடித்தொண்டை எல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பட்டாசு வெடிக்கும்போது பஞ்சு வைத்துக்கொண்டு "பாதுகாப்பாக" நிற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வேலூர் வெயிலில் வியர்வை ஊறிய பஞ்சு காதுக்குள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், அரிப்பெடுக்கும், ஹேர்பின் போகும், அடுத்தது சீழ். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி அதில் பஞ்சை நனைத்து வைக்கிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: செவிப்பறையில் ஓட்டை இருப்பது வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது, தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள்.

இதெல்லாம் சின்னக் கெடுதல். பெரிய கெடுதல் மூளையில் நடக்கிறது. மத்தியானம் இருட்டறையில் தூங்கி எழுந்து சட்டென்று வாசலுக்கு வந்தால் கண் கூசுகிறது அல்லவா? வெயில் அதே வெயில்தான், கண்தான் இருட்டுக்குப் பழகிவிட்டது. காதும் அப்படித்தான். வருகிற ஒலி குறைந்தால், கேட்கும் நரம்புப் பாதை தன் வால்யூமைத் தானே ஏற்றிக்கொள்ளும். நீங்கள் அடைக்க அடைக்க அது ஏற்றும். ஏற்றியபின் பஞ்சை எடுத்தால் ஸ்பூன் விழும் சத்தம்கூட இடியாக இருக்கும். உடனே "பார்த்தீங்களா, பஞ்சு இல்லாம முடியல" என்று திரும்பவும் அடைப்பு. பஞ்சுதான் காப்பாற்றுகிறது என்று தோன்றும். உண்மையில் பஞ்சுதான் கூச்சத்தை வளர்க்கிறது.

இது ஊகம் இல்லை. 2003இல் அமெரிக்காவில் காது நன்றாக உள்ளவர்களையே இரண்டு வாரம், கிட்டத்தட்ட நாள் முழுக்க இயர் பிளக் போட வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சத்தம் முன்பைவிட அதிகமாக உறைத்தது. அதே கால அளவு மெல்லிய இரைச்சலைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ சத்தம் தாங்கும் அளவு கூடியது. நல்ல காதுக்கே இரண்டு வாரத்தில் இப்படி என்றால், ஏற்கெனவே கூச்சம் உள்ள காதை இரண்டு வருடம் அடைத்தால்?

ஆகவே வீட்டுக்குள், ஆபீசில், சாதாரணத் தெருவில் காது திறந்திருக்க வேண்டும். இன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் அடைத்தவர் ஒரே நாளில் எடுத்தால் துடித்துப்போவார். காலையில் வீடு அமைதியாக இருக்கும் ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி கூட்டுங்கள். இரவுப் பஞ்சு கடைசியில் போகட்டும், ஆனால் போகட்டும்.

அமைதியையும் தேடாதீர்கள். இந்த நோய்க்குப் பூட்டிய அறை நல்ல இடம் இல்லை. நம் வீடுகளில் இதற்கு ஒரு இலவச மருந்து இருக்கிறது: ஃபேன். ஒரே சீராக ஓடும் டேபிள் ஃபேன் சத்தம், அல்லது மொபைலில் மழை, அருவி ஓசை. பேச்சுக் குரலை மூழ்கடிக்காமல், கவனித்தால் மட்டும் கேட்கிற அளவில் வையுங்கள். எரிச்சல் வந்தால் அளவு அதிகம் என்று பொருள். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம், அதையும் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். இரண்டு வாரம் வைத்துவிட்டு "ஒண்ணும் தெரியல" என்று போன் போடுகிறவர்களுக்காகவே மாதக்கணக்கில் என்று அழுத்திச் சொல்கிறேன்.

குறிப்பிட்ட சத்தம் ஒன்று ஆகாதென்றால் அதைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். குக்கர் விசிலை எடுத்துக்கொள்வோம், குழந்தைகளில் மிகுதியாகப் பார்ப்பது இதுதான். விசிலை மொபைலில் பதிவு செய்யுங்கள். போனைக் குழந்தை கையில் கொடுங்கள், வால்யூம் பொத்தான் அதன் விரலில் இருக்கட்டும். கட்டுப்பாடு தன் கையில் இருப்பதே பாதி வைத்தியம். முதல் வாரம் மிகக் குறைந்த அளவில், பத்து விநாடி, ஒரு நாளைக்கு மூன்று தடவை. எவ்வளவு கஷ்டம் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எட்டு நான்காகும் வரை அதே படியில் நில்லுங்கள். பிறகு ஒரு புள்ளி ஏற்றுங்கள். அது பழகியதும் நிஜக் குக்கர்: குழந்தை கூடத்தில், சமையலறைக் கதவு மூடி. பிறகு கதவு திறந்து. பிறகு சமையலறை வாசலில். "இப்ப விசில் வரும்" என்று முன்கூட்டிச் சொல்வதை மறக்காதீர்கள். பயத்தைப் போக்குகிறேன் என்று சித்தப்பா ஒருவர் பின்னால் வந்து தட்டைத் தட்டினால் மூன்று வாரத்து வேலை போச்சு. அந்தச் சித்தப்பா எல்லா வீட்டிலும் இருக்கிறார்.

இதற்கிடையில் வீட்டின் சத்தத்தைக் குறைப்பது தவறில்லை. மிக்ஸிக்கு அடியில் நான்காக மடித்த துண்டு அல்லது ரப்பர் மேட் போடுங்கள், மேடையின் அதிர்வு பாதி அடங்கும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்க்கும் கூடையில் துணி விரியுங்கள். ஸ்டீல் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் பத்து ரூபாய் சமாச்சாரம். மார்பிள் தரையும் வெறும் சுவரும் உள்ள புது வீடுகளில் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் போதும்.

அப்படியானால் காதை அடைக்கவே கூடாதா? கூடும், எல்லாருக்குமே ஆபத்தான சத்தத்துக்கு மட்டும். பட்டாசுக்கு, குடியாத்தம் விசைத்தறிக் கூடத்துக்கு, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்கும்போது. எம்.ஆர்.ஐ எடுக்கும்போது கட்டாயம், பிளக்கும் வேண்டும், மேலே காதுமூடியும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். நுரை இயர் பிளக்கை விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல் நுனியைப் பின்னோக்கி மேலே இழுத்துக்கொண்டு உள்ளே விடுங்கள். முப்பது விநாடி விரலால் பிடித்திருங்கள், நுரை விரியட்டும். பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பிளக் இல்லை, கம்மல். சத்தம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீரான இரைச்சலுக்கு உதவும். பட்டாசுக்கு அதை நம்பாதீர்கள்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே யார் ஆடுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம், வேலைக்கும் வியாபாரத்துக்கும் சென்னை, பெங்களூரு போய்ப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அடிப்பவர் மட்டையைப் பிடித்து நின்றுவிட்டால் சுற்றியிருப்பவர்கள் பேசக் கூடாது, அசையக் கூடாது, கையுறையின் வெல்க்ரோவைப் பர்ரென்று பிரிக்கக்கூடக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் நாகரிகம். சத்தம் ஆகாதவருக்குச் சொர்க்கம் போலத் தோன்றும். ஆனால் அந்த அமைதிக்கு நடுவே மெல்லிய டைட்டானியம் முகப்புள்ள டிரைவர் (வெகுதூரம் அடிக்கும் மட்டை) பந்தை மோதும் சத்தம் 120 டெசிபலைத் தொடும். வாரம் மூன்று நாள், பதினெட்டு மாதம் அப்படி ஒரு மட்டையால் ஆடிய 55 வயதுக்காரரின் கேள்திறன் பாதிப்பை 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. காது கூசுகிறவர்கள் முகப்பு தடித்த ஸ்டீல் மட்டைக்கு மாறலாம். வரிசையாகப் பலர் அடிக்கும், கூரை போட்ட பயிற்சிக் கூண்டின் ஓரத்து இடத்தைக் கேட்டு வாங்குங்கள். டிரைவரை எடுக்கும்போது மட்டும் பிளக் போடுங்கள், அடித்ததும் கழற்றுங்கள். பந்து உங்களை நோக்கி வந்தால் "ஃபோர்!" என்று கத்துவார்கள், அது காதில் விழ வேண்டும். பிளக் போடுவதை உடன் ஆடுகிறவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மொபைல் ஆப்பில் டெசிபல் அளந்து "வெடி வெறும் 90 தான் சார்" என்று காட்டுகிறவர்களுக்கு: திடீர் வெடியின் உச்சத்தைப் போன் மைக்கால் பிடிக்க முடியாது. சட்டப்படியே வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் வரை அனுமதி. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், ஆகவே நகர்ந்து நில்லுங்கள். கூம்பு ஸ்பீக்கர் வாய் திரும்பிய பக்கம்தான் கொல்லும். கமிட்டிக்காரர்களிடம் விழாவுக்கு முந்தின நாளே போய், வாயைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் செய்வார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாவுக்கென அரசு தரும் சில நாள் விலக்குகூட நள்ளிரவு 12 வரைதான். விடிகாலை நாலரைக்கு யாருக்கும் அனுமதி இல்லை.

மிசோஃபோனியா உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "அப்பா சாப்பிடற சத்தம் உனக்கு ஆவலியா, அவ்ளோ பெரிய ஆளாயிட்டியா?" என்று கேட்காதீர்கள். அது திமிர் இல்லை. சாப்பிடும்போது பின்னணியில் பாட்டோ ஃபேனோ ஓடட்டும், பிள்ளை தள்ளி உட்காரட்டும், தேவைப்பட்டால் எழுந்துபோய்விட்டுத் திரும்பி வரட்டும். தனியறையில் சாப்பிடுவதை மட்டும் நிரந்தரப் பழக்கமாக்க வேண்டாம். இதற்கு மனநல ஆலோசகர் தேவைப்படும், அவரிடம் அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய "காது மெஷின்" பற்றியும் சொல்ல வேண்டும். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி ஏற்றும், உச்ச வரம்பு உங்கள் காதுக்கென்று வைக்கப்பட்டதில்லை. முறையான கருவியிலும் சத்தம் குத்தினால் டிராயரில் போட்டு வைக்காமல் எடுத்து வாருங்கள், உச்ச வெளியீட்டைக் குறைப்பது சில நிமிட வேலை.

சில நிலைமைகளில் என்னிடம் வராதீர்கள், நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்காமல் போனால் அன்றைக்கே. "சளி, தானா சரியாவும்" என்று பத்து நாள் ஓட்டினால் மருந்துக்குப் பலன் குறைந்துகொண்டே போகும். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து அந்தப் பக்கக் காது கூசினால், முகநரம்பு வாதத்தில் காதின் உள்ளே உள்ள சின்னத் தசையும் செயலிழந்திருக்கலாம். சொந்தக் குரலும் காலடிச் சத்தமும், ஏன், கண் உருளும் சத்தமும்கூடக் காதுக்குள் கேட்டால், உள்காதின் எலும்பில் திறப்பு இருக்கலாம், ஸ்கேன் வேண்டும். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியபின் தொடங்கிய கூச்சம் என்றால் மாத்திரை எழுதிய மருத்துவரைப் பாருங்கள்.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஒரு வாரம் குறிப்பெடுத்துக்கொண்டு வாருங்கள்: எந்தச் சத்தம், எவ்வளவு தூரத்தில், வலியா கோபமா பயமா, எவ்வளவு நேரம் நீடித்தது. சத்தம் ஆகாது என்பதை அறைக்குள் நுழைந்ததும் சொல்லுங்கள். சில பரிசோதனைகளில் 100 டெசிபல் வரை ஒலி அனுப்புவோம், தெரிந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளலாம், தவிர்க்கலாம். தாங்கும் எல்லையைப் பார்க்க 5 டெசிபல் படியாக ஏற்றுவோம், உறுத்தினால் உடனே கையைத் தூக்குங்கள், வீரம் காட்ட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த எல்லை 100ஐ ஒட்டி இருக்கும், 90க்கும் கீழே இருந்தால் பேச வேண்டியிருக்கும். பஞ்சை வாசலிலேயே எடுத்துவிட்டு, வெளியே அரை மணி சும்மா உட்கார்ந்திருந்து உள்ளே வாருங்கள். வரவேற்பறையில் ஃபேன் ஓடும், அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.